குளிர்காலச் சாலையில் அடிபட்ட அண்டர்பாடி கவர்: நீங்களே பார்த்துச் சரிசெய்வது எப்படி?

பனிக்காலத்தில் காருக்கு அடியில் ஏதோ தரையில் உரசும் சத்தம் கேட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்ஜினுக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவரை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் குனிந்து பாருங்கள். கவரின் முன் ஓரம் தொங்கினால் அப்படியே நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். வேகம் கூடக் கூட எதிர்க்காற்று உள்ளே புகுந்து கவரை இன்னும் கீழே தள்ளும். கவரைப் பிடித்திருக்கும் ஒரு கிளிப்பை மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, புதுக் கவர் வாங்குவதில் போய் நிற்கும். வீடு போய்ச் சேரும்வரை இரண்டு கேபிள் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு இழுத்துக் கட்டி, மெதுவாக ஓட்டுங்கள்.

இந்தக் கவர்களில் பலவும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். கடுங்குளிரில் அது வளைந்து கொடுக்காது, நொறுங்கும். சக்கரத் தடங்களுக்கு நடுவே இறுகிக் கிடக்கும் பனிக்கட்டி கவரை இடிக்கும். சக்கர வளைவுக்குள் அப்பிய ஈரப்பனி உறைந்து, அங்கே உட்புறம் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் தடுப்பான லைனரைத் தன் எடையாலேயே கீழே இழுக்கும். பெரும்பாலும் கவர் கிழிவதற்கு முன்பே கிளிப் போய்விடும். அதனால் கிளிப்பைத்தான் முதலில் தேட வேண்டும்.

1. காரைத் தூக்கி நிறுத்துங்கள்

சமதளமான, பனி இல்லாத கெட்டித் தரை வேண்டும். முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றலாம், அல்லது ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டு வைக்கலாம். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர் எல்லாம் போட்டிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். இன்ஜினும் சைலன்சரும் ஆறும்வரை காத்திருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை கட்டாயம். பனி உருகச் சாலையில் போடும் உப்பு கலந்து காய்ந்த சேறு நேராகக் கண்ணில்தான் விழும்.

2. கழுவுங்கள்

உறைநிலைக்கு மேலே வெப்பம் இருக்கும் நாளாகப் பார்த்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நிதானமாகக் கழுவுங்கள். வயர் கனெக்டர்களுக்குப் பக்கத்தில் அதிக அழுத்தத்தில் பீய்ச்ச வேண்டாம்.

பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: கவரின் மேல்பக்கம், அதாவது இன்ஜினைப் பார்த்த பக்கம். உப்பு கலந்த சேறு அங்கேதான் தேங்கும். சாலையில் சாதாரண உப்போடு கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் தெளிப்பதுண்டு. இவை காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மழையோ பனியோ இல்லாத நாளிலும் அந்தச் சேறு காயாமல் போல்ட்டுகளை அரித்துக்கொண்டே இருக்கும். கார் நிறுத்தும் இடம் கதகதப்பாக இருந்தால் துரு இன்னும் வேகமாக ஏறும். எனவே கவரைக் கழற்றியதும் அந்தப் பக்கத்தையும் அலசுங்கள். இந்த வேலையிலேயே அதிகப் பலன் தருவது இதுதான் என்பேன்.

3. டார்ச் அடித்துப் பாருங்கள்

முன் ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு துளையாகப் பாருங்கள். கிளிப் இருக்கிறதா, போல்ட் ஆடுகிறதா, துளையே கிழிந்து அகன்றுவிட்டதா? கையால் அசைத்தும் பாருங்கள். எண்ணெய் ஈரம், எரிபொருள் வாசனை, நசுங்கிய குழாய் எதுவும் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மின்சார கார், ஹைபிரிட் என்றால் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே கூடாது. பேட்டரிப் பெட்டியில் நெளிவு தெரிந்தாலும் ஒர்க்ஷாப்தான்.

4. கழற்றுங்கள்

முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஓரம் எதற்கு மேலே இருக்கிறது என்பது தெரியும்படி. கிளிப்பின் நடுவில் இருக்கும் ஆணியைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பிய பிறகுதான் கிளிப்பை இழுக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிரேக் டிஸ்க்கில் அது படக் கூடாது.

5. விரிசலைத் தையுங்கள்

பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பசை சரியாக ஒட்டாது. விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் விரிசல் மேலும் ஓடாமல் நிற்கும். பிறகு விரிசலின் இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் தள்ளி, ஜோடி ஜோடியாகத் துளைகள் போட்டு, கேபிள் டையால் துணி தைப்பதுபோல் இழுத்துக் கட்டுங்கள். டையின் தலைப்பகுதி மேல்பக்கம் இருக்கட்டும். சாலைப் பக்கம் வைத்தால் பனிக்கட்டியில் மாட்டும். துளை கிழிந்திருந்தால் அகலமான வாஷர் போதும். பெரிய துண்டே உடைந்து போயிருந்தால் புதுக் கவர்தான் சரி. கவரே இல்லாமல் ஓட்டினால் பெல்ட், ஆல்டர்னேட்டர் மீதெல்லாம் உப்புத் தண்ணீர் தெறிக்கும்.

சைலன்சர் குழாய்க்கு மேலே இருக்கும் மெல்லிய அலுமினிய ஹீட் ஷீல்டு விஷயம் வேறு. இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரிபட்டு, துளை பெரிதாகி, தகரம் அதிரும் சத்தம் கேட்கும். இங்கும் பெரிய வாஷர் போடலாம். ஆனால் கேபிள் டை வேண்டவே வேண்டாம், உருகிவிடும். சத்தம் போடுகிறதே என்று ஷீல்டைப் பிய்த்து எறிவதும் ஆபத்து. சூட்டைத் தடுக்கத்தான் அது அங்கே இருக்கிறது.

6. திரும்ப மாட்டுங்கள்

இரண்டு கவர்கள் சேரும் இடத்தில், பொதுவாக முன் கவரின் பின் ஓரம் சாலைப் பக்கமாகவும், பின் கவரின் முன் ஓரம் அதற்கு மேலேயும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் காற்று அந்த இடுக்கில் புகுந்து கிளப்பிவிடும். சந்தேகம் வந்தால் எடுத்து வைத்த போட்டோவைப் பாருங்கள். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் பாதி ஏற்றி, துளைகள் நேராக வந்த பிறகு இறுக்குங்கள். பிளாஸ்டிக் நசுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம். தொளதொளத்த பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். துளையின் விட்டத்தை அளந்து அதே அளவில் புதிது வாங்குங்கள், கூடவே நான்கைந்து உபரியாகவும்.

அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, முன் ஓரத்தை மட்டும் இன்னொரு முறை கையால் இழுத்துப் பாருங்கள்.