ஜெட் ஸ்கீ சூடேறிக் கத்துகிறதா? பம்புக்குள் சாதாளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

போன யூலை மாதம், ஒன்ராறியோவின் ஸ்கூகொக் ஏரியில் கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தள்ளி, என் யமஹா விஎக்ஸ் ஜெட் ஸ்கீ திடீரென்று "பீப் பீப்" என்று கத்தத் தொடங்கியது. பின்னால் இருந்த மச்சான்ரை மகன், "மாமா, ஏதோ கருகின மாதிரி மணக்குது" என்றான். அடுத்த நிமிடமே வேகம் விழுந்துவிட்டது. அளவுக்கு மேல் சூடேறினால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்றுக்கு மேல் போகாது, நீங்கள் எவ்வளவு அமத்தினாலும் சரி. அந்த இரண்டு கிலோமீற்றரை நிறுத்தி நிறுத்தி முக்கால் மணி நேரத்தில் ஊர்ந்து வந்தோம்.

கரைக்கு வந்து, அடியில் சுற்றியிருந்த சாதாளையை (தண்ணிக்குள் வளரும் செடி) எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் அதே பீப். நான் கோட்டைவிட்டது ஒரே ஒரு இடம், அதற்காகத்தான் இந்தப் பதிவு. நடுவில் ஒரு கராஜில் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள், நல்ல காலம், விலையைக் கேட்டுப் பயந்து திரும்பிவிட்டேன்.

ஏன் சாதாளையால் எஞ்சின் சூடேறுகிறது?

காரில் ரேடியேற்றர் இருக்கிறது, தண்ணியைச் சுற்ற விடத் தனியாக ஒரு பம்ப் இருக்கிறது. யமஹா ஜெட் ஸ்கீயில் இரண்டும் இல்லை. அடியில் இருக்கும் ஜெட் பம்ப் ஏரித் தண்ணியை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித்தான் வண்டி ஓடுகிறது. அந்தப் பம்பின் அழுத்தத்திலேயே கொஞ்சத் தண்ணி ஒரு குழாய் வழியாக எஞ்சினுக்கும் புகைபோக்கிக்கும் போய், குளிர்த்திவிட்டு வெளியே விழுகிறது. பம்ப் மூச்சடைத்தால் வேகமும் போச்சு, குளிர்ச்சியும் போச்சு.

ஸ்கூகொக் இதற்கென்றே செய்த ஏரி மாதிரி. 1830களில் லின்ட்சேயில் ஆலைக்கு அணை கட்டியதால் சதுப்பு நிலம் மூழ்கி வந்த ஏரி, சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. யூலை, ஓகஸ்டில் யூரேசியன் மில்ஃபொயில், ஸ்டாரி ஸ்டோன்வோர்ட் என்ற இரண்டு வகைச் சாதாளையும் மேல்வரை வந்து நிற்கும். ஊரில் வலையில் சிக்கும் சாதாளை நினைவிருக்கிறதா? மில்ஃபொயில் அதைவிட மோசம், நூல் நூலாக இருக்கும், சுற்றினால் கயிறு திரித்த மாதிரி இறுகிவிடும்.

படி 1: பீப் வருவதற்கு முன்பே கவனியுங்கள்

எஞ்சின் இரைகிறது, வண்டி போகவில்லை. கைபிடியில் ஒரு நடுக்கம். வண்டிப் பக்கவாட்டில் பென்சில் தடிப்பில் ஒரு தண்ணி பீய்ச்சிக்கொண்டே இருக்குமே, அது மெலிந்து சொட்டாகிறது, அல்லது ஆவியோடு வருகிறது. இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலே நிறுத்துங்கள். நான் இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தப் பீய்ச்சலைத் திரும்பிப் பார்க்கிறேன்.

படி 2: தண்ணியிலேயே செய்யக்கூடியது

எஞ்சினை நிறுத்துங்கள். கையில் மாட்டியிருக்கும் லான்யார்ட்டை (இழுபட்டால் எஞ்சினை நிறுத்தும் வார்) வண்டியிலிருந்து கழற்றி ஆளோடு வைத்துக்கொள்ளுங்கள், வண்டியில் விட வேண்டாம். அது செருகியிருக்கும்வரை பம்புக்குப் பக்கத்தில் கை போகக்கூடாது. லைஃப் ஜாக்கெற் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இறங்கி வண்டியை இடமும் வலமும் நன்றாக ஆட்டுங்கள். உறிஞ்சல் இல்லாதபோது தளர்ந்த சாதாளை பாதி தானாகவே விழுந்துவிடும். பிறகு அடியில் கையை விட்டு, தண்ணி உறிஞ்சும் வாயில் இருக்கும் கம்பித் தட்டில் தொங்குவதை இழுத்தெடுங்கள். ஏறி, ஸ்ராட் பண்ணி, மெதுவாக ஓட்டுங்கள். பீய்ச்சல் திரும்பி வந்தால் கரைவரை அப்படியே வரலாம்.

பலர் சொல்கிற "றிவேர்ஸ் போட்டால் துப்பிவிடும்" என்ற யோசனையை நான் நம்புவதில்லை. சாதாரண ஜெட் ஸ்கீயில் றிவேர்ஸ் என்பது பின்னால் ஒரு வாளி இறங்கித் தண்ணியை முன்பக்கம் திருப்புவதுதான், பம்புக்குள் சுழலும் விசிறியான இம்பெல்லர் அதே திசையில்தான் சுழல்கிறது, உறிஞ்சல் உறிஞ்சலாகவே இருக்கிறது. அதுவும் ஆழமில்லாத இடத்தில் செய்தால் அடி மண்ணையும் கல்லையும் சேர்த்து உள்ளே இழுப்பீர்கள். அடியில் 60 சென்ரிமீற்றராவது தண்ணி வேண்டும். சீ-டூ என்ற இன்னொரு கொம்பனியின் புதுச் சில மொடல்களில் ஐடிஎஃப் என்று ஒன்று வருகிறது, அதில் இம்பெல்லரே எதிர்ப்பக்கம் சுழன்று துப்பும், அது வேறு கதை.

படி 3: கரையில், ட்ரெயிலரில்

எஞ்சின் ஆறட்டும், அரை மணி நேரமாவது. பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். கீழே ஒரு படங்கு விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள், தலையில் கட்டும் லைட் இருந்தால் இரண்டு கையும் உங்களுக்கு. ட்ரெயிலர் இல்லாமல் கரையில் சரித்துத்தான் பார்க்க வேண்டுமென்றால் கையேட்டில் சொன்ன பக்கமாக மட்டும் சரியுங்கள். தப்பான பக்கம் சரித்தால் புகைபோக்கியில் நிற்கிற தண்ணி எஞ்சினுக்குள் போகும்.

கம்பித் தட்டுக்குள் லைட் அடித்தால், இம்பெல்லருக்கு முன்னால் உருளையாக ஒரு தண்டு தெரியும். சாதாளை சுற்றுவது அதில்தான். என்னுடையதில் என் மணிக்கட்டுத் தடிப்புக்குப் பச்சைக் கயிறாக இருந்தது.

இதற்கு என் சிபாரிசு பாண் வெட்டும் பல்லுக் கத்தி. சிரிக்க வேண்டாம். பொக்ஸ் கட்டரால் முயன்றேன், அலகு உடைந்து உள்ளே விழுந்துவிட்டது, அதை எடுக்கவே ஒரு மணி நேரம். பல்லுக் கத்தியால் தண்டின் நீளத்துக்கு ஒரு கோடாக அறுத்தால், சுற்றியது அப்படியே பிரிந்து வரும். நுனி வளைந்த தடித்த கம்பி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் மாங்காய் பிடுங்கும் கொக்கத்தடியின் குட்டி வடிவம். கோட் ஹாங்கர் கம்பி பத்தாது, வளைந்துவிடும். மீன்பிடி நூல் கலந்திருந்தால் கடைசி இழைவரை எடுங்கள், அது தண்டு வழியாகத் தண்ணி புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும்.

படி 4: நான் கோட்டைவிட்ட இடம்

இம்பெல்லர் ஒரு மிக்ஸி மாதிரி. சாதாளையில் ஒரு பகுதி தண்டில் சுற்றும், மற்றப் பகுதி நறுக்கப்பட்டுப் பின்னால் போகும். அந்த நறுக்கல் எஞ்சினுக்குப் போகாமல் தடுக்க, குளிர்த் தண்ணி நுழையும் வாயில் ஒரு சின்ன வடி வைத்திருக்கிறார்கள். அது வெளியிலிருந்து தெரியாது. என் மொடலில், வண்டியின் அடியில் பின்பக்கம் இருக்கும் தட்டையான ரைட் பிளேட்டைக் கழற்றினால்தான் கண்ணில் படும்.

ட்ரெயிலரின் மரக்கட்டைகள் அந்தத் தட்டை மறைத்தால் வண்டியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிடுங்கள். போல்ட்டுகளுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். அலுமினியத்துக்குள் ஸ்ரெயின்லெஸ் போல்ட் இறுகிப்போய் இருக்கும். இம்பாக்ட் கன் வேண்டவே வேண்டாம், கை ரச்செற்றால் கொஞ்சம் இறுக்கிப் பிறகு தளர்த்தி, கொஞ்சம் இறுக்கிப் பிறகு தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். எனக்கு ஒன்று வர மறுத்தது, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் வந்தது.

தட்டை இறக்கி வடியை எடுத்தேன். சுண்டிய கீரை மாதிரி, ஒரு கைப்பிடிப் பச்சைப் பசை, நடுவில் இரண்டு சிப்பி ஓடு. அவ்வளவுதான், இரண்டு வாரம் என்னை அலைக்கழித்தது இதுதான். பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்து எல்லா ஓட்டையும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினேன். போல்ட்டைக் கையேட்டில் உள்ள இறுக்கத்துக்கு முறுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

பார்த்த கையோடு இம்பெல்லரின் விளிம்பையும் விரலால் தடவுங்கள். பள்ளமோ பிசிறோ இருந்தால் அது கல் பட்டது.

படி 5: ஹோஸ் போட்டுக் கழுவுதல்

கழற்றிய பற்றறி வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, எஞ்சினைக் கழுவும் இணைப்பில் ஹோஸைப் பூட்டுங்கள். இங்கே வரிசை முக்கியம். எஞ்சினை முதலில் ஸ்ராட் பண்ணி, உடனே தண்ணியைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது தண்ணியை முதலில் மூடி, பிறகு எஞ்சினை நிறுத்த வேண்டும். தண்ணி இல்லாமல் 15 விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். மூன்று நிமிடம் ஐடிலில் ஓடினால் போதும். பக்கவாட்டுப் பீய்ச்சல் நல்ல தடிப்பாக வந்தால் வழி திறந்துவிட்டது.

பிடுங்கிய சாதாளையைக் கரையில் குப்பைத் தொட்டியில் போடுங்கள். 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில், படகைத் தரைவழியே கொண்டுபோக முன் செடிகளை நீக்கி, தண்ணி வடிக்கும் அடைப்பைத் திறந்துவிட வேண்டும் என்பது சட்டம். ஒரு துண்டு மில்ஃபொயில் போதும், அடுத்த ஏரியில் முளைத்துவிடும்.

பிற்சேர்க்கை: இரண்டு பேர் கேட்டதற்குப் பதில்.

சீ-டூ வைத்திருப்பவர்: உங்கள் 4-டெக் எஞ்சின், கார் மாதிரி மூடிய சுற்றில் கூலண்ட் ஓடும் எஞ்சின், ரைட் பிளேட்டே அதற்கு ரேடியேற்றர். அதனால் எஞ்சின் உடனே சூடேறாது. ஆனால் புகைபோக்கிக்கு ஏரித் தண்ணிதான் போகிறது, ஆகவே சாதாளை அடைத்தால் உங்களுக்கு வருவது புகைபோக்கிச் சூட்டு எச்சரிக்கை. படி 1, 2, 3 உங்களுக்கும் பொருந்தும், 4 பொருந்தாது.

இன்னொருவர் தண்ணியை முதலில் திறந்துவிட்டு எஞ்சினைத் தொடங்கப் பார்த்திருக்கிறார், இப்போது சுற்றவே இல்லையாம். அண்ணை, மேற்கொண்டு ஸ்ராட்டரை அமத்த வேண்டாம், சிலிண்டருக்குள் தண்ணி போயிருக்கலாம். ஸ்பாக் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்னபடி ஸ்பாக்கை நிறுத்தி, விட்டு விட்டுச் சுற்றினால் ஓட்டை வழியாகத் தண்ணி பீறிடும், முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள், பால்தேநீர் நிறத்தில் இருந்தால் எண்ணெயையும் மாற்ற வேண்டும், ஒரு தடவை மாற்றினால் போதாது.