தலைவரும் காளையும்: முதன்முதலாகப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு

தை நெருங்கினால் மதுரைப் பக்கத்துப் படக்காரர்களுக்கு இந்த வேலை தானாக வந்து சேரும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக வாடிவாசல் திறக்கப்போகிறது. உள்ளூர்த் தலைவர் கூப்பிட்டு, “மாட்டோடு நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் தம்பி, ஃபிளெக்ஸுக்கு” என்பார். உடனே கேமராவைத் தூக்காதீர்கள்.

படி 1: தீனி போடுவது யார் என்று கேளுங்கள்

இதைக் கேட்காமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வேட்பாளர் ஒருவர் தெரிந்தவர் வீட்டிலிருந்து இராஜபாளையம் நாய் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். பால் வெள்ளை, அழகான நாய். அரை மணி நேரம் எடுத்தேன். ஒரு படத்தில்கூட அது அவரைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்ற சொந்தக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது. படம் தெருமுனைக்கு வந்த அன்றே டீக்கடையில் கேட்டுவிட்டார்கள், நாய் யாரைத் தேடுகிறது என்று. மனிதனைச் சிரிக்கச் சொல்லலாம். நாயை என்ன செய்வது?

படி 2: அந்த விலங்கு எந்தக் கேள்விக்குப் பதில் என்று யோசியுங்கள்

1952இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் நிக்சன் மீது 18,000 டாலர் நிதி பற்றிப் புகார் எழுந்தது. செப்டம்பர் 23ஆம் தேதி தொலைக்காட்சியில் தோன்றிக் கணக்குச் சொன்னவர், நடுவில் ஒரு நாயின் கதையைக் கொண்டுவந்தார். செக்கர்ஸ் என்று பெயர், அன்பளிப்பாக வந்தது. குழந்தைகளுக்கு அதைப் பிடித்துவிட்டது, யார் என்ன சொன்னாலும் திருப்பித் தர மாட்டோம் என்றார். பணத்தைப் பற்றிய பேச்சு வீட்டைப் பற்றிய பேச்சாகிவிட்டது. குழந்தையிடமிருந்து நாய்க்குட்டியைப் பிடுங்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அதே செப்டம்பர் 23ஆம் தேதி, எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, அதிபர் ரூஸ்வெல்ட் தன் நாய் ஃபாலாவை வைத்து எதிர்க்கட்சியைக் கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்க வைத்திருந்தார்.

நம் ஊரில் நாய் என்றால் வீட்டு மனிதர். காளை என்றால் வீரமும் மண்ணும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு அந்தப் பொருள் இன்னும் கனத்துவிட்டது. பூனையோடு நிற்க ஆசைப்பட்ட தலைவர் யாரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

படி 3: கையைக் கவனியுங்கள்

1964இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் தன் பீகிள் நாயைக் காதைப் பிடித்துத் தூக்கினார். விளையாட்டாகத்தான் செய்தார்; படம் வெளியானதும் நாய்ப் பிரியர்கள் கொதித்துவிட்டார்கள். நம் பக்கம் அந்தக் காதுக்குச் சமம் மூக்கணாங்கயிறு. அதை இழுத்துப் பிடித்து மாட்டின் தலையைத் திருப்பிய படத்தை மாடு வளர்க்கிறவர்கள் மன்னிக்க மாட்டார்கள். அவர்கள் முதலில் திமிலையும் கொம்பையும் பார்ப்பார்கள், பிறகு கயிறு எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள், வேட்பாளர் முகத்துக்குக் கடைசியில்தான் வருவார்கள்.

படி 4: தொழுவத்துக்கே போங்கள்

சாயங்கால வெயில் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். தலைவரைக் காளைக்கு நேர் எதிரே நிறுத்தாமல் கழுத்தோரமாக நிறுத்துங்கள். கூட வந்தவர்களைத் தெருவிலேயே இருக்கச் சொல்லுங்கள். (சொன்னால் கேட்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்லுங்கள்.) தேர்தல் பிரச்சாரத்தில் விலங்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குச் சொல்லியிருப்பதால், அந்த நேரத்தில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பது நல்லது.

போன வருடம் எடுத்த படத்தில், காளையை வளர்த்த அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அவரை வெட்டிவிட்டு எடு என்றார் தலைவர். அக்கா நான்கு அடி நகர்ந்ததும் காளையும் பின்னாலேயே நகர்ந்தது. மூன்று தடவை முயன்று பார்த்தோம். ஃபிளெக்ஸில் இப்போது மூன்று பேரும் இருக்கிறார்கள்.