நீராவி எஞ்சின் எந்த வண்டிக்குக் கட்டப்பட்டது என்று கண்டறிவது எப்படி?

ரயில் நிலைய வாசலிலோ அருங்காட்சியகத்திலோ நிற்கும் நீராவி எஞ்சின் எந்த வகை வண்டியை இழுப்பதற்காகக் கட்டப்பட்டது என்று அறிய விரும்புவோர், முதலில் பிஸ்டனிலிருந்து வரும் தண்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட இணைச் சக்கரங்களைக் கவனிக்க வேண்டும். முகப்பின் அலங்காரம் கண்ணைக் கவருமே தவிர அதிகம் சொல்வதில்லை.

சக்கரம் ஒருமுறை சுழல, பிஸ்டன் ஒருமுறை முன்னும் பின்னும் சென்றுவர வேண்டும். ஆகவே சக்கரம் பெரிதாக இருந்தால் பிஸ்டன்களை அளவுமீறி விரட்டாமல் வேகமாக ஓடலாம். ஆனால் சிலிண்டரும் நீராவி அழுத்தமும் மாறாதிருக்க, சக்கரம் பெரிதாகப் பெரிதாக இழுவிசை குறையும். விரைவு வண்டிக்குப் பெரிய சக்கரமும் சரக்கு வண்டிக்குச் சிறிய சக்கரமும் அமைந்ததற்கு இதுவே காரணம்.

தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து அச்சின் மையம்வரை அளவுநாடாவால் அளந்து இரட்டித்தால் விட்டம் கிடைக்கும். இந்திய அகலப்பாதையில் 1947இல் வந்த டபிள்யூ.பி. பயணி எஞ்சினுக்கு அந்த உயரம் ஏறத்தாழ 85 செ.மீ.; 1950இல் வந்த டபிள்யூ.ஜி. சரக்கு எஞ்சினுக்கு 78 செ.மீ. தேய்ந்த சக்கரமானால் சற்றுக் குறையும். வேறுபாடு இவ்வளவு சிறியது என்பதால், வெறுங்கண்ணால் மதிப்பிடுவதைவிட இணைச் சக்கரங்களை எண்ணுவதே நம்பகமானது: பக்கத்துக்கு டபிள்யூ.பி.க்கு மூன்று, டபிள்யூ.ஜி.க்கு நான்கு.

எண்ணிக்கைக்கும் காரணம் உண்டு. சக்கரம் வழுக்காமல் பிடிக்க அதன்மேல் எடை அழுந்த வேண்டும். ஓர் அச்சு தாங்கும் எடைக்கோ பாதையின் வலிமை வரம்பிடுகிறது. எனவே கனமான சரக்கு வண்டியை நின்ற நிலையிலிருந்து கிளப்ப, இழுக்கும் அச்சுகளைக் கூட்டுவதே வழி. டபிள்யூ.பி.யோ எடையில் ஒரு பகுதியை முன்னுள்ள நான்கு சிறு சக்கரங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. அவை இழுப்பதில்லை, வேகத்தில் வளைவுகளில் எஞ்சினுக்கு வழிகாட்டுகின்றன. இரண்டிலும் ஓட்டுநர் அறைக்கடியில் உள்ள பின்சக்கரங்கள் நிலக்கரி எரியும் அகலமான நெருப்புப் பெட்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. இத்தகைய சிறு சக்கரங்கள் முன்னும் பின்னும் இல்லாவிட்டால், அது பெரும்பாலும் யார்டில் மெதுவாகப் பெட்டிகளைத் தள்ளும் ஷண்டிங் எஞ்சினாகவோ மெதுவாக ஓடும் சரக்கு எஞ்சினாகவோ இருக்கும்.

அடுத்து, நிலக்கரியையும் தண்ணீரையும் சுமக்கும் டெண்டர் என்னும் தனி வண்டி பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். டெண்டரின்றி நிலக்கரியையும் தண்ணீரையும் தானே சுமந்தால், அது தொலைதூரம் செல்வதற்கல்ல. திருப்பு மேடை தேவைப்படாமல் இருதிசையிலும் ஓடக்கூடியதாதலால் புறநகர் வண்டிகளுக்கு ஏற்றது. இந்திய அகலப்பாதையின் டபிள்யூ.டி. (WT) எஞ்சின் அவ்வகையே.

நீலகிரி மலைரயிலின் எக்ஸ் வகை எஞ்சினுக்கு மட்டும் சக்கர அளவு போதாது. சிலிண்டர்களைப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு உள்ளன. ஒரு ஜோடி வழக்கமான சக்கரங்களை இயக்குகிறது. கல்லாறு முதல் குன்னூர்வரையுள்ள பற்சட்டப் பாதையில் (தண்டவாளங்களுக்கு நடுவே பற்களுள்ள சட்டம் பதித்த பாதை), அந்த ஜோடியிலிருந்து வெளியேறும் நீராவியே மற்ற ஜோடிக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது.