துறுதுறுப்பான கலப்பின நாய்க்கு என்ன போடுவது, எவ்வளவு போடுவது?

எங்கள் வீட்டுச் செவலைக்குத் தாய் சிப்பிப்பாறை, தகப்பன் லேப்ரடார். எடை 20 கிலோ, கருத்தடை ஆபரேஷன் ஆனவள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். இப்படி ஒரு நாயை வைத்திருப்பவருக்கு உணவுப் பையின் பின்னால் அச்சிட்ட அட்டவணை அதிகம் உதவாது. லேப்ரடாருக்கென்று விற்கும் பை இவளுக்குப் பொருந்தாது, சிப்பிப்பாறைக்கென்று பை பார்த்ததும் இல்லை. அதனால் இனத்தை ஓரமாக வைத்துவிட்டு, முன்னால் நிற்கும் உடம்பை வைத்துக் கணக்குப் போடுவதே சரியான வழி. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு வயது தாண்டிய, நோய் இல்லாத நாய்க்கான கணக்கு இது. குட்டிக்கும் சினை நாய்க்கும் ஒத்துவராது.

தொடங்கும் முன் ஒரு எலெக்ட்ரானிக் கிச்சன் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். உணவுக் கம்பெனிக்காரர்கள் தரும் பிளாஸ்டிக் கப்பை நான் நம்புவதில்லை. ஒரு நாள் தட்டி அளப்போம், ஒரு நாள் குவித்து அளப்போம், வீட்டில் இன்னொருவர் போட்டால் அது வேறு அளவு. தராசு அப்படி மாறாது.

படி 1: விலாவைத் தொட்டுப் பாருங்கள்

கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவுவது நல்லது. முதலில் உங்கள் கையை முஷ்டியாக மடக்கி, மேலே துருத்தும் கணுக்களைத் தடவுங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் எலும்பு லேசாகத் தட்டுப்படும் அல்லவா, விலா அப்படி இருந்தால் சரியான உடம்பு. உள்ளங்கையைத் தடவுவது போல எலும்பே தெரியாவிட்டால் கொழுப்பு கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியும், பக்கவாட்டில் பார்த்தால் வயிறு மேலேறியும் இருக்க வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை நாய் ரத்தம் கலந்திருந்தால், கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாக வெளியே தெரிவதே இயல்பு. தெருவில் பார்ப்பவர்கள் "என்னங்க, சோறே போடுறதில்லையா?" என்று கேட்பார்கள். அதற்காக அளவைக் கூட்டாதீர்கள்.

லேப்ரடார் ரத்தம் இருந்தால் சிக்கல் எதிர்ப்பக்கம். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு 'பாம்சி' என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தார்கள். அந்த நாய்களுக்கு உணவு மேல் ஆசை அதிகம், எடையும் எளிதாகக் கூடும். ஆகவே தட்டைக் காலி செய்துவிட்டு முகத்தைப் பார்க்கும் நாய் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தமில்லை. விலா என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள்.

படி 2: அடிப்படைத் தேவை

சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிக்கும் சக்திதான் அடிப்படைத் தேவை. எடையை மூன்று முறை பெருக்கி, வர்க்கமூலத்தை இரண்டு முறை எடுத்து, 70ஆல் பெருக்க வேண்டும். போன் கால்குலேட்டரே போதும். 20 × 20 × 20 = 8000. வர்க்கமூலம் 89.4. அதற்கு இன்னொரு வர்க்கமூலம் 9.46. அதை 70ஆல் பெருக்கினால் 662 கிலோகலோரி. நடுத்தர அளவு நாய்க்கு, எடையை 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே விடை வரும்.

படி 3: எத்தனை மடங்கு?

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நானும் இங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6 மடங்கு, செய்யாததற்கு 1.8 மடங்கு என்பது கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகத் தொடங்கும் அளவு. லேசான வேலை செய்யும் நாய்க்கு 2, நடுத்தர வேலைக்கு 3. துறுதுறுப்பான நாயை வைத்திருப்பவருக்கு உடனே 3 மேல் கண் போகும். ஆனால் 3 என்பது ஆட்டு மந்தையோடு பல மணி நேரம் அலையும் நாய்க்கான கணக்கு. காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம் நடந்து, நடுவில் வாசல் மணிக்கெல்லாம் குதித்து ஓடும் வீட்டு நாய் பார்வைக்குத்தான் ஓயாமல் உழைப்பது போலத் தெரியும். மொத்த நாளைக் கவனித்தால் பாதிக்கு மேல் தூங்கியே கழிக்கும். அதற்கு 1.6இல் தொடங்குங்கள், கருத்தடை செய்யாததென்றால் 1.8இல். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவிழ்த்துவிட்டு நிஜமாகவே ஓடவிடுகிறீர்கள் என்றால் 2.

செவலைக்கு 662 × 1.6 = சுமார் 1060. மூன்று மடங்கு போட்டிருந்தால் 1986 ஆகியிருக்கும், கிட்டத்தட்ட இரண்டு நாய்க்கான சாப்பாடு. ஏற்கெனவே எடை கூடிய நாய் என்றால், இருக்க வேண்டிய எடைக்குப் படி 2ஐச் செய்து, எதனாலும் பெருக்காமல் அப்படியே கொடுங்கள்.

"இவ்வளவு துள்ளுகிறதே, புரதத்தைக் குறைக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். பெரும்பாலும் அந்தத் துள்ளலுக்குக் காரணம் ஓட்டம் போதாமையும் மூளைக்கு வேலை இல்லாமையும்தான்.

படி 4: பையில் எத்தனை கலோரி?

முதலில் பையில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கிறதா பாருங்கள். 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ளத்தான், முழு உணவு அல்ல.

நம் ஊரில் விற்கும் பல பைகளில் கலோரி அச்சிட்டிருக்காது. கவலை வேண்டாம், நாமே கண்டுபிடிக்கலாம். உதாரணத்துக்கு, புரதம் 24, கொழுப்பு 12, நார் 4, ஈரப்பதம் 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது. சாம்பல் சத்தை, அதாவது தாது உப்புகளை, பெரும்பாலும் போடமாட்டார்கள், 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 100இல் கழித்தால் மிச்சம் 42, அதுதான் மாவுச்சத்து. இனி, புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 84 + 147 + 102 = 333. நூறு கிராமில் 333 கிலோகலோரி.

1060இல் பத்தில் ஒரு பங்கைப் பிஸ்கட், முட்டை, பழத்துண்டு போன்றவற்றுக்கு ஒதுக்கிவிடுங்கள். மீதி 954. அதை 333ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சுமார் 285 கிராம். இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 140 கிராம் சொச்சம். வெறும் தட்டை தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுக் கொட்டுங்கள்.

புரதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்றால், அமெரிக்காவில் விலங்கு உணவுக்குத் தரம் வகுக்கும் 'ஆஃப்கோ' அமைப்பின் அளவுகோலில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தபட்சம் 18 சதவீதம், அதுவும் ஈரத்தை நீக்கிய பிறகு. ஓட்டமும் ஆட்டமும் உள்ள நாய்க்கு 24, 25க்குக் குறையாமல் வாங்குவது என் வழக்கம். 'கிரெய்ன் ஃப்ரீ' என்று கூடுதல் விலைக்கு விற்பதை நான் வாங்குவதில்லை. பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த அத்தகைய உணவுக்கும் இதயம் பெரிதாகும் நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. தொடர்பு உறுதியாகவில்லைதான். ஆனால் தானியத்தைத் தவிர்க்க என் நாய்க்கு ஒரு காரணமும் இல்லை.

படி 5: வீட்டுச் சாப்பாடு என்றால்

"நாய்க்குச் சோறே ஆகாது" என்பது உண்மையல்ல. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013இலேயே ஆய்வு வந்துவிட்டது. சோறு மட்டும் போடுவதில்தான் பிரச்சினை.

தயிர்ச்சோற்றையே எடுத்துக்கொள்வோம். 600 கிராம் சோறும் 350 கிராம் தயிரும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 1000 கிலோகலோரி. அதில் புரதம் 28 கிராம் அளவுக்குத்தான் தேறும். ஆயிரம் கிலோகலோரிக்குக் குறைந்தது 45 கிராம் வேண்டும். வயிறு நிறைந்தும் தசை கரைவதற்குக் காரணம் இதுதான்.

செவலையின் 1060க்கு ஒரு நாள் அளவு இப்படி வரும். எல்லாமே வெந்த பிறகு எடுத்த எடை. சோறு 350 கிராம், தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறி 220 கிராம், அவித்த முட்டை ஒன்று, பூசணி, கேரட், பீன்ஸ் சேர்த்து 150 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. உப்பு, மசாலா கிடையாது. கூடவே முட்டை ஓட்டுத்தூள் மூன்றரை கிராம். கறியில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் மிகக் குறைவு. அதை ஈடுகட்டத்தான் இந்தத் தூள். ஓட்டைக் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் நைசாக அரையுங்கள். சொரசொரப்பு இருக்கக் கூடாது.

இதுவும் முழுமையான உணவு ஆகிவிடாது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, இ எல்லாம் குறையும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவு. எனவே முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவெடுத்தால், மருத்துவரிடம் இந்த அளவுகளைக் காட்டி அதற்கேற்ற சத்துப்பொடி எழுதி வாங்குங்கள். புதிதாக நாய் வளர்ப்பவருக்கு என் யோசனை, நாள் உணவு பையிலிருந்து, பத்தில் ஒரு பங்கு வீட்டிலிருந்து.

குழம்பு ஊற்றிய சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சாம்பார், ரசம், புளிக்குழம்பு மூன்றையும் நிறுத்துங்கள். சாக்லேட், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த மிட்டாய், வெந்த எலும்பு, உப்புக் கருவாடு இவையும் கூடாது.

படி 6: மாற்றுவதும் திருத்துவதும்

பழைய உணவில் கால்வாசி புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். மலம் இளகினால் முந்தைய அளவுக்கே திரும்புங்கள்.

வாரம் ஒரு முறை ஒரே நாளில் எடை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு மிஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். இரண்டு வாரம் கழித்து விலாவைத் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் உணவைப் பத்து சதவீதம் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். படி 3 ஒரு தொடக்கம்தான், உங்கள் நாய்க்குரிய எண் இங்கேதான் கிடைக்கும்.

ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அதிகம், உயிரே போகலாம். வேட்டை நாய்க் கலப்புக்கு அந்த மார்புதான். ஒரே வேளையில் மொத்தத்தையும் போடாதீர்கள். சாப்பிட்டதும் ஒரு மணி நேரமாவது ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராமல் தவித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பிறகு சேர்த்தது

அளந்து போட்டும் எடை ஏறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், தாத்தா காலை டீயோடு தினமும் நாலு பிஸ்கட் கொடுத்துவந்தாராம். வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டப்பா வையுங்கள். அன்றைய தின்பண்டம் முழுவதும் காலையிலேயே அதில் எண்ணிப் போட்டுவிட வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான், யார் கொடுத்திருந்தாலும் சரி.

சித்திரை, வைகாசி வெயிலில் நாய் தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது இன்னொரு கேள்வி. முதல் வேளையை விடிந்ததும், இரண்டாவதை வெயில் நன்றாகத் தாழ்ந்த பிறகும் வையுங்கள். இருபது நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள், அந்தச் சூட்டில் ஈர உணவு சீக்கிரம் கெடும். ஓட்டம் குறையும் மாதங்களில் தேவையும் கொஞ்சம் குறையும் என்பதால் ஒரு வேளை பாதி விட்டால் பயமில்லை. இரண்டு வேளை தொடர்ந்து தொடவே இல்லை, கூடவே சோர்வும் இருக்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.