போட்டியில் வீடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் வீடு வாங்கும் ஓர் இளம் தம்பதியருக்கு அண்மையில் துணையாகச் சென்றிருந்தேன். வேறொருவர் கூடுதல் விலை கேட்டிருப்பதாகத் தரகர் தொலைபேசியில் சொன்னதும் கணவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். எவ்வளவு கூடுதல் என்று கேட்பதற்கு முன்பே, "நாமும் ஏற்றிச் சொல்லிவிடலாம்" என்றார் மனைவி. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் எழுந்து நின்றேன்; அதற்குக் கொடுத்த விலை இன்னும் நினைவில் இருக்கிறது. பத்திரங்களைச் சரிபார்ப்பது, சுவரில் ஈரக் கசிவு பார்ப்பது போன்றவற்றை எல்லோரும் சொல்வார்கள் என்பதால், போட்டிக்கு ஆள் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு நேரும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

உச்சவரம்பைப் போட்டியின் நடுவில் உயர்த்துவது

கணக்குப் புரிவதற்காக, அன்று நான் தீர்மானித்திருந்த உச்சவரம்பை 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நான் 96 என்றேன். எதிர்த்தரப்பு 98 என்றது. நான் 100 என்றேன். அவர்கள் 102 என்றார்கள். அங்கேயே நின்றிருக்க வேண்டும். ஆனால், மாலை ஆறு மணிக்குள் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முடிந்துவிடும் என்று தரகர் சொன்னபோது, தாளைப் பிரித்து 100ஐ அடித்துவிட்டு 104 என்று எழுதினேன். சற்று நேரத்தில் அதையும் அடித்து 106 என்று எழுதினேன். வீடு எனக்கே கிடைத்தது.

இதில் நான் செய்த பிழை, ஒவ்வொரு முறையும் புதிய விலையை அதற்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டதுதான். 104க்கு மேல் இரண்டு என்பது சிறிய தொகையாகத் தெரிந்தது. 100க்கு மேல் ஆறு என்று ஒரு முறை கூட நான் கணக்கிடவில்லை. பிறகு வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து வீட்டின் மதிப்பு 97 என்று எழுதிக் கொடுத்தார். வாங்கும் விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் எது குறைவோ அதில் 80 விழுக்காடுதான் கடன் என்பது எனக்குக் கடன் கொடுத்த வங்கியின் விதி. ஆகவே கடனாகக் கிடைத்தது 77.6 மட்டுமே, மீதி 28.4 என் கையிலிருந்து போக வேண்டியிருந்தது. நான் ஒதுக்கி வைத்திருந்ததோ 20. இடையில் விழுந்த 8.4ஐ, பழுதுபார்ப்புக்கும் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கும் என்று சேர்த்திருந்த பணத்திலிருந்து எடுத்தேன். குடிபோன பிறகு பெய்த முதல் பெருமழையில் பின் அறையின் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்யக் கூடுதல் வட்டிக்குத் தனிக்கடன் வாங்கினேன். வீட்டை நேசித்துத்தான் வாங்கினேன், ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கவில்லை.

கூடுதல் தொகை முழுவதையும் வங்கியே கொடுத்தாலும் சுமை குறையாது. ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், கூடுதலாக வாங்கும் ஒவ்வொரு பங்குக்கும் ஏறக்குறைய இரண்டு பங்கைத் தவணைகளாகத் திருப்பிச் செலுத்துகிறோம்.

ஆகவே போட்டியாளர் யாரும் இல்லாத ஒரு நாளில், நிதானமாக உட்கார்ந்து உச்சவரம்பை எழுதுங்கள். அருகில் அதே போன்ற வீடுகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின, மாதத் தவணை எவ்வளவு வரை தாங்கும், எல்லாம் செலுத்திய பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்ற மூன்றையும் பார்த்து, அவற்றில் எது குறைந்த தொகையைக் காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிய தாளை, பேரத்தில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். வீட்டைப் பற்றிப் புதிதாக ஏதேனும் தெரியவந்தால் ஒழிய அந்த எண்ணை மாற்றக் கூடாது. எதிரே இருப்பவர் ஏற்றிக் கேட்டார் என்பது அதற்குக் காரணமாகாது.

போட்டியாளர் கேட்ட விலையே மதிப்பு என்று நம்புவது

"அவரே அவ்வளவு கொடுக்கிறார் என்றால் அந்த வீடு அவ்வளவு பெறும்" என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். மேக்ஸ் பேசர்மன், வில்லியம் சாமுவேல்சன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒவ்வொன்றும் 8 டாலர் மதிப்புள்ள, நாணயங்களோ பிற பொருள்களோ அடங்கிய சாடிகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். மாணவர்களின் சராசரி மதிப்பீடு 5.13 டாலர்தான், ஆனாலும் ஏலத்தில் வென்றவர்கள் கொடுத்த சராசரி விலை 10.01 டாலர். பெரும்பாலானோர் குறைவாக மதிப்பிட்டாலும், எல்லோரையும் விட மிகையாக மதிப்பிட்டவருக்கே பொருள் போய்ச் சேருகிறது. வீட்டுப் போட்டியில் அந்த ஒருவராக நாம் ஆகிவிடக் கூடாது.

விளம்பர விலையிலிருந்து கணக்கைத் தொடங்குவது

1987இல் அமெரிக்காவின் டூசான் நகரில் நடந்த ஓர் ஆய்வில், ஒரே வீட்டைப் பார்வையிட்டவர்களுக்கு வெவ்வேறு விளம்பர விலைகள் தரப்பட்டன. அனுபவமுள்ள வீட்டுத் தரகர்களின் மதிப்பீடும் அந்த எண்ணின் பக்கமே சாய்ந்தது. நீங்கள் பார்க்கும் விளம்பர விலை, விற்பவர் வேண்டுமென்றே குறைத்துப் போட்டதாகவும் இருக்கலாம். விலையைப் பார்க்கும் முன் உங்கள் மதிப்பை எழுதிவிடுங்கள்.

கட்டட ஆய்வை விட்டுக்கொடுப்பது

போட்டியில் முந்துவதற்காக, வாங்கும் முன் கட்டடத்தின் நிலையைச் சோதித்துப் பார்ப்பதை விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

போட்டியாளர் யார் என்று துருவுவது

அவருடைய பணமும் தேவையும் வேறு. அதை அறிவதால் உங்கள் கணக்கு மாறப்போவதில்லை.

தோற்ற வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஈடுகட்டுவது

ஒரு வீடு கைநழுவியதும், அடுத்த வீட்டையாவது எப்படியும் பிடித்துவிட வேண்டும் என்ற வேகம் வருகிறது. அந்தத் தம்பதியர் முதல் வீட்டில் தங்கள் எண்ணைத் தாண்டவில்லை. வீடு மற்றவருக்குப் போனது. மூன்றே நாளில் வேறொரு வீட்டுக்கு, கூரையில் விரிசல் இருப்பதைக் கண்ட பிறகும், உச்சவரம்பை உயர்த்திக் கேட்கலாமா என்று வந்தார்கள். அந்த வீட்டுக்கென்று தனியாக ஒரு தாள் எடுத்து, கூரைச் செலவைக் கழித்துப் புதிதாகக் கணக்குப் போடச் சொன்னேன். வந்த எண் முதல் வீட்டுக்கு எழுதியதை விடக் குறைவாக இருந்தது. அதையே கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள்.