மலை ரோஜாவில் வீட்டுப் பன்னீரும் குல்கந்தும்: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

கோத்தகிரியில் எங்கள் வீட்டு வேலியோரம் இரண்டு ரோஜாச் செடிகள் நிற்கின்றன. ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ பூக்கும். மூக்கில் வைத்து அழுத்தினாலும் மணம் வராது. இன்னொன்றின் பூ சிறியது, வெளிர் ரோஸ் நிறம், பறித்த மாலையே இதழ் உதிர்ந்துவிடும். ஆனால் அது பூத்திருப்பது வாசல் கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். மருந்துக்கு வேண்டியது இந்த இரண்டாவது பூதான். ரோஜாவின் மருத்துவக் குணத்தில் பெரும்பங்கு அதன் மணத்திலும் துவர்ப்பிலும் இருக்கிறது, அளவிலோ நிறத்திலோ அல்ல.

முதல் படி: பூவை அடையாளம் காணுங்கள்

உலகப் புகழ்பெற்ற வாசனை ரோஜா, சிரியாவின் தமாஸ்கஸ் நகரத்தின் பெயரைத் தாங்கிய டமாஸ்க் ரோஜா. இது தானாக விளைந்த காட்டுச் செடி அல்ல. மூன்று ரோஜா இனங்கள் கலந்து பிறந்தது என்றும், அவற்றில் ஒன்று மத்திய ஆசியாவைச் சேர்ந்தது என்றும் 2000-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. நம் பூச்சந்தைகளில் பன்னீர் ரோஜா என்று கூடையில் வருவது பல இடங்களில் எட்வர்ட் ரோஜா. அதுவும் இதற்கு உறவுதான். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேலியாக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து உருவான குடும்பம் அது. மணம் டமாஸ்க் வழியாக வந்தது. அடிக்கடி பூக்கும் குணம் சீன ரோஜா தந்தது.

நீலகிரிக்கும் பழனி மலைக்கும் சொந்தமான காட்டு ரோஜா ஒன்றும் உண்டு. சோலைக்காட்டு ஓரங்களில் கொடியாக ஏறி, வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், நல்ல மணம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைகளுக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து மகிழுங்கள், பறிக்க வேண்டாம். சோலைகள் ஏற்கெனவே சுருங்கிவிட்டன.

ரகங்களை நேரில் ஒப்பிட விரும்பினால், மலர்க்காட்சியின் நூற்றாண்டையொட்டி 1995-இல் அமைக்கப்பட்ட ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவுக்கு ஒரு காலைப்பொழுதில் சென்று பாருங்கள். அழகுக்கு வளர்ப்பது வேறு, மணத்துக்கு வளர்ப்பது வேறு என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

பூங்கொத்துக் கடையில் வாங்கிய ரோஜாவை மட்டும் ஒருபோதும் உணவில் சேர்க்காதீர்கள். அது பூச்சிமருந்து தெளித்து வளர்ந்ததாக இருக்கலாம். சொந்தச் செடியின் பூ, அல்லது தெளிப்பில்லாமல் வளர்த்ததென்று நீங்கள் நேரில் அறிந்த பூ மட்டுமே.

இரண்டாம் படி: விடியலில் பறியுங்கள்

வெயில் ஏறினால் மண எண்ணெய் ஆவியாகிவிடும். ஆகவே சூரியன் மலைமுகட்டைத் தாண்டுமுன் பறித்துவிட வேண்டும். பாதி விரிந்த பூவே நல்லது. காம்பையும் பச்சைப் புல்லியையும் நீக்கி, இதழ்களை மட்டும் உதிர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இதழின் அடியிலும் நகக்கண் அளவு வெள்ளையாக ஒரு முனை இருக்கும். அது லேசாகக் கசக்கும். குல்கந்துக்கு அதைக் கிள்ளிவிடுவேன், பன்னீருக்கு அப்படியே போடுவேன்.

மூன்றாம் படி: பன்னீர் இறக்குதல்

பனிநீர் என்ற சொல்தான் பன்னீர் ஆயிற்று. மலையாளத்தில் இன்றும் பனிநீர் என்றே சொல்கிறார்கள். இறக்கும்போது பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும்.

அகலமான பாத்திரத்தின் நடுவில் சிறிய ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தை வையுங்கள். சுற்றிலும் கால் கிலோ இதழைப் பரப்பி ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஸ்டாண்டின் உயரத்தைத் தாண்டக் கூடாது. குமிழ் உள்ள குழிவான மூடியைக் கவிழ்த்து மூடி, மேலே ஐஸ் கட்டியோ குளிர்ந்த நீரோ வையுங்கள். தீ மிகச் சிறியதாக இருக்கட்டும். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, முத்து முத்தாகத் திரண்டு, குமிழை நோக்கி வழுக்கி வந்து கிண்ணத்தில் சொட்டும். மேலே உள்ள நீர் சூடானதும் மாற்றிக்கொண்டே இருங்கள். கால் லிட்டர் சேர்ந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். அதற்குமேல் வருவதில் மணம் மெலிந்துவிடும்.

மலைவாசிகளுக்கு இதில் ஒரு வசதி. ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தக் குறைந்த சூடு இதழுக்கு மென்மையானது.

அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேச ஊரான கன்னோஜில் இதே வேலையைச் செப்புக் கொப்பரையில் செய்கிறார்கள். மூடியின் விளிம்பைக் களிமண் பூசி அடைப்பார்கள். நூர்ஜஹானின் தாயார் பன்னீர் தயாரித்தபோது, தட்டில் ஊற்றிய சூடான பன்னீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்ததைக் கண்டு வழித்தெடுத்தார் என்றும், அத்தர் அப்படித்தான் பிறந்தது என்றும் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம் கிலோவுக்கும் மேல் பூ தேவை. எனவே நம் கிண்ணத்தில் எண்ணெயைத் தேட வேண்டாம். நீரில் கரையும் மணப்பொருளே நமக்குக் கிடைக்கும், அதுவே போதும்.

கொதிநீரில் கழுவி உலர்த்திய பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பஞ்சில் நனைத்து மூடிய இமைமேல் வைத்தால் கண் எரிச்சல் தணியும், வெயிலில் சிவந்த முகத்துக்கும் இதமாக இருக்கும். கண்ணுக்குள் மட்டும் விடாதீர்கள். பாட்டி காலத்தில் விட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் இறக்கியது கிருமி நீக்கிய மருந்து அல்ல.

நான்காம் படி: குல்கந்து

பாரசீகத்தில் குல் என்றால் பூ, கந்த் என்றால் சர்க்கரை. ஒரு பங்கு இதழுக்கு இரண்டு பங்கு பொடித்த கற்கண்டு. இதழ்களை நிழலில் துணிமேல் பரப்பி, பனி ஈரம் முழுதும் போகும்வரை உலர்த்துங்கள். இங்கேதான் நான் ஒருமுறை அவசரப்பட்டேன். மழை மாதத்தில், ஈரம் போகாத இதழைப் போட்டு ஜாடியை மூடினேன். பத்தாம் நாள் திறந்தபோது மேலெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம். இப்போது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் செய்கிறேன். மலையில் தொடர்ந்து வெயில் கிடைப்பது அந்த நாட்களில்தான்.

கண்ணாடி ஜாடியில் ஓர் அடுக்கு இதழ், ஓர் அடுக்கு கற்கண்டு என நிரப்பி, கையால் அழுத்தி, வாயைத் துணியால் கட்டுங்கள். பகலில் வெயில், மாலை மூடுபனி இறங்குமுன் வீட்டுக்குள். இரண்டு நாளைக்கு ஒருமுறை உலர்ந்த மரக்கரண்டியால் கிளறுங்கள். நான்கு வாரத்தில் இதழ் கரும்பழுப்பாகி, ஜாம்போல் இளகிவிடும். கடைசியில் இரண்டு கரண்டி மலைத்தேன் சேர்க்கலாம்.

இரவு உணவுக்குப் பின் ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான பாலுடன். மலச்சிக்கலுக்கும் உடல் சூட்டுக்கும் சித்த, யுனானி மருத்துவங்களில் நெடுங்காலமாகத் தரப்படுவது இது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது கூடவே கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

பன்னீர் இறக்கிய பாத்திரத்தின் அடியில் தேநீர் நிறத்தில் ஒரு நீர் மிஞ்சும். நன்றாகத் துவர்க்கும். அதை வடிகட்டி ஆறவைத்து அன்றே வாய் கொப்பளித்தால் வாய்ப்புண்ணுக்கு நல்லது. வெந்த இதழ்களைச் செடியின் தூரிலேயே போட்டுவிடுங்கள்.