'பொரி' பெயரா வினையா? பிரிச்சு பாக்கறது எப்படி

போன ஆயுத பூஜை சமயத்துல அக்கா பொண்ணு இலக்கண ஹோம்வொர்க்கோட வந்து உக்காந்தா, 'பொரிகடலைச் சட்னி'ல வர்ற பொரிகடலை என்ன தொகைன்னு (நடுவுல ஏதோ ஒண்ணு மறைஞ்சு நிக்கற கூட்டுச்சொல்தான் தொகை) கேட்டா, நான் யோசிக்காம உம்மைத்தொகைன்னு சொல்லிட்டேன். நோட்டு தப்புன்னு திரும்பி வந்துச்சு. பத்தாவது படிக்கற புள்ளைக்கு தப்பா சொல்லிட்டமேன்னு ரொம்ப கஷ்டமா போச்சு. அப்புறம் உக்காந்து படிச்சு புரிஞ்சுகிட்டத இங்க எழுதறேன்.

முதல்ல, வார்த்தைய தனியா வச்சு பாக்காதீங்க, வாக்கியத்துல போடுங்க. "சேலம் லீ பஜார்ல ரெண்டு படி பொரி வாங்கியா", இது பெயர், பொரியை, பொரிக்குன்னு உருபு ஒட்டும். "அப்பளத்தைப் பொரி", இது வினை.

அடுத்து இறந்தகாலத்துக்கு மாத்துங்க. அப்பளம் பொரிஞ்சுச்சு, அம்மா அப்பளம் பொரிச்சாங்க. எழுத்துல பொரிந்தது, பொரித்தார். 'ந்த்' வந்தா தானா நடக்குது, 'த்த்' வந்தா யாரோ எதையோ செய்யறாங்க. கோழி குஞ்சு பொரிச்சதும் ரெண்டாவது வகைதான்.

அப்புறம் வார்த்தையோட கடைசிய பாருங்க. பொரிச்ச மீன், அடுத்து பெயர் வருது, அதனால பெயரெச்சம். பொரிச்சு வச்சா, அடுத்து வினை வருது, அதனால வினையெச்சம். பொரியல் 'அல்' விகுதி சேர்ந்த தொழிற்பெயர், அதாவது செய்யற வேலையோட பேரு, ஆனா "பொரியல் சாப்பிட்டேன்"னா நாம சாப்பிட்டது அந்த வேலைய இல்ல, அதுல கெடச்ச காய, அதனால தொழிலாகுபெயர். நம்ம ஊர் தட்டுவடை நொறுக்கலும் அப்படித்தான், நொறுக்கற வேலையோட பேரு தட்டுல வர்ற பண்டத்துக்கே ஆகிருச்சு.

நான் மாட்டுனது இனிமேதான். அம்மாபேட்டைல தறிக்கு பூஜை போட்டு குடுக்கறாங்களே பொரிகடலை, அது பொரியும் கடலையும், ரெண்டு பொருள், 'உம்' மறைஞ்சிருக்கு, உம்மைத்தொகை. சட்னிக்கு அரைக்கற பொட்டுக்கடலைக்கும் பொரிகடலைன்னு பேரு உண்டு, அது ஒரே பொருள், பொரித்த கடலை, பொரிக்கின்ற கடலை, பொரிக்கும் கடலைன்னு மூணு காலத்துக்கும் விரியும், காலம் மறைஞ்சிருக்கு, வினைத்தொகை. ஒற்று மிகுதான்னு பாத்து பிரிச்சுடலாம்னு நெனச்சேன், முடியாது, ரெண்டுலயும் 'க்' மிகாது. அதனால 'உம்' போட்டு ஒரு தடவ, காலம் போட்டு ஒரு தடவ விரிச்சு, அந்த வாக்கியத்துக்கு எது பொருந்துதுன்னு பாருங்க. வேற வழி இல்ல.

அகராதின்னா என் கைக்கு க்ரியாதான், பெ. (பெயர்), வி. (வினை)ன்னு வகை போட்டு எடுத்துக்காட்டு வாக்கியமும் குடுக்கும். அர்த்தம் மட்டும் காட்டற ஆப் இந்த வேலைக்கு உதவாது.

பின்சேர்க்கை: கமெண்ட்ல ரெண்டு பேர் 'பொறியல்'னு எழுதி சந்தேகம் கேட்டிருந்தாங்க. எண்ணெய்ல பொரிக்கறது எல்லாமே சின்ன ர. பெரிய ற வந்தா எலிப்பொறி, தீப்பொறி, பொறியியல். பேசும்போது நமக்கு ரெண்டும் ஒண்ணாவே கேக்கும், அதான் குழப்பம். கல்வெட்டுல எழுத்து பொறிச்சாங்கன்னு எழுதறப்பவும் பெரிய ற தாங்க, பொறித்தார், பொரித்தார் ரெண்டையும் மாத்தி எழுதிடாதீங்க.